மற்ற ஆக்களுக்கு ஒரு மேசை

அத்தியாயம் பதினேழு

ஒரு எக்செல் தாள் குடும்பத்தின் மானத்தை வாங்கும் என்று கௌசி நினைத்திருக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அது வாங்கிவிட்டது.

போன வாரம் வாசிக்கத் தவறியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கௌசியின் அப்பா இராஜேந்திரனுக்கு வருகிற மாதம் அறுபது வயது. கௌசியும் தம்பி சுஜீத்தும் அவரை லாஸ் வேகாஸுக்குக் கூட்டிப்போவதென்று முடிவெடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிற சொந்தங்கள் தாங்களும் வருகிறோம் என்றார்கள். ஆகமொத்தம் இருபத்தெட்டுப் பேர். கோயில் உண்டியலுக்கே யோசித்துக் காசு போடுகிற மனிதர்கள் சூதாட்ட ஊருக்குப் போக ஏன் இத்தனை ஆசைப்படுகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். விளக்குப் பார்க்கத்தான் என்கிறார்கள்.

இருபத்தெட்டுப் பேருக்கும் நான்கு இரவு எங்கே சாப்பாடு என்று பார்க்கிற வேலை கௌசியின் தலையில் விழுந்தது. அவள் ஆஸ்பத்திரி ஒன்றில் எந்த நோயாளி எந்த நேரம் எந்த டொக்டரிடம் என்று அட்டவணை போடுகிறவள். அந்தப் பழக்கத்தில் இரண்டு வாரம் இருந்து, ஆளாளுக்குப் பொருத்தமாக உணவகம் தேடினாள்.

ரொறன்ரோப் பெரியவர்களுக்கு ஆறு மணிக்குள் சோறு வேண்டும். அங்கேயுள்ள ஹோட்டல்களில் அறையிலிருந்து சாப்பாட்டுக்குப் போவதென்றால் சூதாட்ட இயந்திரங்களுக்கு நடுவே கால்மணி நேரம் நடக்க வேண்டும். முழங்கால் நோ உள்ளவர்களுக்காக லிஃப்டுக்குப் பக்கத்திலேயே ஒன்றைப் பிடித்தாள். பாரிஸ் இளசுகளுக்கு மேசையிலேயே இறைச்சி சுட்டுத் தின்னும் கொரியக் கடை. சின்னப் பிள்ளைகள் இயந்திரங்களுக்குக் கிட்ட நிற்கக்கூடாது என்பதால், பிள்ளைக்காரருக்குத் தெருப்பக்கம் வாசல் உள்ள இடம், நீரூற்றுத் தெரிகிற யன்னலோடு. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஊருக்கு வெளியே ஒரு குஜராத்திக் கடை. இதுவரைக்கும் அவளைப் பாராட்டத்தான் வேண்டும்.

சனி இரவுதான் பிறந்தநாள் விருந்து. அதற்குப் பிடித்த தனி மண்டபத்தில் இருபத்துநாலு பேருக்குத்தான் இடம். நாலு பேர் மிச்சம். அந்த நாலு பேர் யார் என்று அம்மா தவமலர் தொலைபேசியில் யோசிக்காமலே சொன்னாள். சுஜீத்தின் மனைவி மேனுஷாவின் தகப்பன் கஸ்பர், தாய் பியற்றிஸ், மேனுஷாவின் தம்பி, சின்னம்மா. அவைக்கு மீன் நண்டு எண்டால் உயிர்தானே, நல்லதொரு கடலுணவுக் கடையாய்ப் பார்த்து விடு என்றாள்.

அம்மா சொல்லச் சொல்லக் கௌசி தட்டினாள். தனக்கு மட்டும் என்று வைத்திருந்த அந்தத் தாளில், அம்மாவின் வாயில் வந்தபடியே இரண்டு தலைப்புகள் விழுந்தன. 'எங்கட ஆக்கள்.' 'மற்ற ஆக்கள்.' பிறகு துப்புரவாக இன்னொரு தாள் செய்தாள். செய்து, குடும்ப வாட்ஸப் குழுவுக்கு முதல் தாளை அனுப்பிவிட்டாள்.

அந்த இரண்டு தலைப்புக்கும் எங்களுக்குள் அகராதி தேவையில்லை. சாதியின் பேரை வாயால் சொல்லாமல் சாதியைச் சொல்ல நாங்கள் கண்டுபிடித்த மரியாதையான வழி அது. பதினொரு நிமிடத்தில் கௌசி அதை அழித்தாள். அதற்குள் பத்தொன்பது பேர் பார்த்துவிட்டார்கள். கஸ்பர் மட்டும் எழுதினார்: 'நல்லது மகள். எங்களுக்கு மீன் எண்டால் போதும்.' கூடவே ஒரு கும்பிட்ட கை.

அந்தக் கையைத்தான் கௌசி இரவு முழுக்க நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

•

ஞாயிறு காலை லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற தன் வீட்டிலிருந்து கௌசி புறப்பட்டு இல்ஃபோர்டில் அம்மா வீட்டுக்கு வந்தபோது பத்தரை மணி. ஞாயிறென்றால் சுஜீத்தும் மேனுஷாவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார்கள். இன்றைக்குச் சுஜீத்திடமிருந்து ஒரு சொல் மட்டும் வந்திருந்தது: 'வரேல்லை.'

தவமலர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் கெட்ட மனுசி இல்லை. மருமகளுக்குக் காய்ச்சல் என்றால் ரசத்தோடு ஓடுகிறவள்தான். கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதும் அவள்தான். ஆனால் ரொறன்ரோவில் இருக்கிற தமையன் கிருஷ்ணமூர்த்திக்கு அவள் பயம். தகப்பன் இல்லாத வீட்டில் அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அவர். அவையோடு ஒரே மேசையில் இருக்கமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. மண்டபம் சின்னன்தானே என்று இரண்டு தரம் கேட்டார், அவ்வளவுதான்.

"அழிச்சிட்டாய்தானே. ஆரும் கிளறாமல் விட்டால் அது தன்பாட்டிலை போயிடும்," என்றாள் தவமலர்.

போகாது என்று கௌசிக்குத் தெரியும். அவளுக்கு இன்னொன்றும் தெரியும். அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. முப்பது பேர் இருக்கக்கூடிய மண்டபம் ஒன்றை அவள் முதல் வாரமே கண்டுபிடித்திருந்தாள். அதே தெரு, அதே நேரம், சாப்பாடும் குறை சொல்ல முடியாது. அம்மா நாலு பேரைச் சொன்ன அன்று, அந்த இணையப் பக்கத்தை அவள் சத்தமில்லாமல் மூடிவிட்டாள். இடம் போதாது என்பது நல்ல சாட்டு. அந்தச் சாட்டைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பிழையான தாளை அனுப்பியது கைத்தவறு. இது கைத்தவறு இல்லை.

பின்னறையில் இராஜேந்திரன் சேர்ட்டுகளுக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தார். ஞாயிறில் ஒரு கிழமைக்கான சேர்ட்டையும் அயன் பண்ணி மாட்டிவிடுவது அவருடைய வழக்கம். நேற்றுத் தொடங்கி அந்தத் தாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறந்தநாளுக்குப் பேச்சு எழுதியாயிற்றா என்று மட்டும் கேட்டார். சீக்கியரின் கதையும் இருக்கிறது என்று கௌசி சொல்ல, அதை விடன் பிள்ளை, எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே என்றார்.

எல்லாருக்கும் தெரிந்த கதைதான். தொண்ணூற்றோராம் ஆண்டு மாசி மாதம், லண்டன் முழுக்கப் பனி. அப்பா அகதியாக வந்து சில மாதம். பிளேஸ்டோவில் ஒரு சீக்கியரின் வீட்டில் அறை. வேலை செய்த இடத்தில் யாரோ கொடுத்த சாப்பாட்டில் இறால் இருந்து, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு விடமுடியாமல் விழுந்துவிட்டார். சீக்கியர் அவரைப் பச்சைப் போர்வையால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஒரு செருப்புப் பனியில் புதைந்துபோயிற்று. நீர் இவருக்கு என்ன முறை என்று நர்ஸ் கேட்க, தமையன் என்றாராம். தலைப்பாகையைப் பார்த்து நர்ஸ் சிரித்துவிட்டாளாம். ஒவ்வொரு பிறந்தநாளிலும் இந்த இடத்தில் வீடே சிரிக்கும்.

கௌசி பிளேஸ்டோவில் இருக்கிற கஸ்பர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். இராஜேந்திரன் நிமிர்ந்து பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார், பிறகு ஏற்கெனவே அயன் பிடித்த சேர்ட்டை மறுபடி விரித்தார். தவமலர் பயற்றம் உருண்டை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

"குடுத்திட்டு உடனை வா. சாப்பிடச் சொல்லுவினம். இப்பதான் சாப்பிட்டது எண்டு சொல்லு."

•

கதவைத் திறந்த கஸ்பர் தேவாலயப் பூசைக்குப் போன வெள்ளைச் சேர்ட்டோடு நின்றார். முப்பது வருசம் பஸ் ஓடி இளைப்பாறிய மனிதர். அறுபத்தாறு வயதிலும் முதுகு நிமிர்ந்திருந்தது. வாசலில் மேனுஷாவின் சப்பாத்து இருந்தது. மேனுஷா கீழே வரவில்லை.

கௌசி உட்காராமலே சொல்லத் தொடங்கினாள். பிழையான தாள், அவசரம், மண்டபம் சிறியது, அப்படி எழுதியிருக்கக்கூடாது. காரில் வரும்போது நாலு தரம் சொல்லிப் பார்த்ததுதான். சொல்லும்போது எல்லாம் பொய்யாகக் கேட்டது.

கஸ்பர் முழுவதையும் கேட்டார். "எழுதினதிலை பிழையில்லை மகள். எழுதாமல் விட்டிருந்தால் நாங்கள் நாலு பேரும் போய்ச் சாப்பிட்டிட்டு, மீன் நல்லாய் இருந்தது எண்டு உங்களுக்குச் சொல்லியிருப்பம். அதுதான் வித்தியாசம்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கௌசிக்கு வசதியாக இருந்திருக்கும். அந்தக் கடலுணவுக் கடையின் படங்களைத் தான் பார்த்ததாகவும் வடிவான இடம் என்றும் அவர் சொன்னார். அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பியற்றிஸ் குசினியிலிருந்து சாப்பாட்டுக் கோப்பையோடு வந்தாள். சோறு, பருப்பு, இறால் குழம்பின் வாசம். சாப்பிடுங்கோ பிள்ளை என்று மேசையில் வைத்தாள்.

"இப்பதான் சாப்பிட்டிட்டு வாறன் மாமி."

கௌசி அதை நினைத்துச் சொல்லவில்லை. அது தானாக வந்தது. காலையில் ஒரு தேத்தண்ணி குடித்ததைத் தவிர அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை. கலியாணம் முடிந்து முதல் தரம் வந்தபோதும் இதைத்தான் அம்மாவும் அவளும் சொன்னார்கள். தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் வந்தபோதும் இதைத்தான். போன நத்தார் பண்டிகைக்குப் பியற்றிஸ் தன் கையால் செய்து கொடுத்துவிட்ட கேக்கை, அம்மா சொன்னபடி அடுத்த வீட்டுப் போலந்துக்காரியிடம் கொண்டுபோய்க் கொடுத்ததும் கௌசிதான். அந்தப் பெண் நல்லாயிருக்கிறது என்று சொல்லி, எப்படிச் செய்வது என்றும் கேட்டாள்.

பியற்றிஸ் கோப்பையை எடுக்கவில்லை. "ரெண்டு வருசமாய் நீங்கள் எல்லாரும் இப்பதான் சாப்பிட்டிட்டு வாறியள்," என்றாள்.

கௌசிக்கு முகம் கொதித்தது. கைகழுவ எங்கே போவது என்று கேட்டாள். இரண்டு வருசம் வந்துபோன வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். முதல் வாய் இறங்க மறுத்தது. பசி பிறகு தானாக வந்தது. அதுவும் வெட்கமாக இருந்தது.

பியற்றிஸ் இறால் குழம்பை அகப்பையில் அள்ளினாள். "உங்களுக்கு ஒத்துக்கொள்ளும்தானே. அப்பாவுக்குத்தான் ஆகாது."

மேனுஷா சொல்லியிருப்பாள் என்று கௌசி நினைத்தாள். ஆனால் கஸ்பர் மனைவியைப் பார்த்த பார்வை சரியில்லை. "பியற்றிஸ்," என்றார்.

"என்ன பியற்றிஸ்? முப்பத்துநாலு வருசம் வாயைப் பொத்தினது காணும்." அவள் கதிரையை இழுத்துக் கௌசிக்கு முன்னால் இருந்தாள். "நான் சமைச்ச இறால் இல்லை அது. வேலை செய்த இடத்திலை ஆரோ குடுத்தது. வீட்டை வந்து விழுந்துபோச்சு பொடியன். அம்புலன்ஸ் வர ஏலாத பனி. இவர் பச்சைப் போர்வையாலை சுத்தித் தோளிலை போட்டுக்கொண்டு ஓடினவர். ஒரு செருப்பு இண்டைக்கும் எங்கை எண்டு தெரியாது. அங்கை நர்ஸ் கேட்டிருக்கிறாள், நீர் ஆர் எண்டு. தமையன் எண்டு சொல்லியிருக்கிறார்."

கௌசி கையில் சோற்றோடு இருந்தாள். இந்த இடத்தில் தலைப்பாகை வரவேண்டும். வரவில்லை. பியற்றிஸ் சொல்லி முடித்துவிட்டாள்.

"அப்பா இஞ்சை இருந்தவரோ?"

எட்டு மாதம் இருந்தவர் என்றாள் பியற்றிஸ். மேலே பின்னறையில், இன்னும் மூன்று பொடியன்களோடு. அவள்தான் நாலு பேருக்கும் சமைத்தாள். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார், அவள் அவரை இராசன் என்பாள். சித்திரை மாதம் ஒரு நாள் அவள் வேலையால் வந்து பார்க்க, அவருடைய பை இல்லை. ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

"தூரத்திலை வேலை கிடைச்சிருக்கும்," என்றார் கஸ்பர். இன்றைக்கும் அவர் அப்பாவுக்காகச் சாட்டுச் சொல்வதைக் கேட்கக் கௌசியால் முடியவில்லை.

பிறகு இரண்டு வருசத்துக்கு முதல் மேனுஷா ஒரு பொடியனைக் கூட்டிவந்து, அவனுடைய தாய் தகப்பனின் படத்தைக் காட்டினாள். அவர்கள் உடனே ஆளைக் கண்டுகொண்டார்கள். கலியாண மண்டபத்து வாசலில் பார்க்கும்போது கட்டிப்பிடிப்பான் என்று கஸ்பர் காத்திருந்தார். இராஜேந்திரன் கையை நீட்டினார்.

"உங்களைச் சந்திச்சதிலை சந்தோசம் எண்டார். நானும் அப்பிடியே சொன்னன். பிள்ளையளின்ர கலியாணம்." கஸ்பர் மேசைவிரிப்பின் மடிப்பை விரலால் நீவிவிட்டார். "நீங்கள் வீட்டை போய் இதைக் கேக்க வேண்டாம் மகள். மேனுஷாவுக்கும் தெரியாது. தெரிஞ்சால் அவள் உங்கட வீட்டுக்கு எந்த முகத்தோட வருவாள்?"

கௌசி விடைபெற்று வாசலுக்கு வந்தபோது மேனுஷா மாடிப்படியின் நடுவில் இருந்தாள். எவ்வளவு நேரமாக இருக்கிறாள் என்று கேட்கத் தேவையில்லை. கண் சிவந்திருந்தது.

"மச்சாள், சாப்பிட்டீங்களா?" என்றாள்.

ஓம் என்றாள் கௌசி. மேனுஷா தலையை ஆட்டிவிட்டு எழும்பி மேலே போனாள்.

•

இல்ஃபோர்டில் கார் நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்றுச் சுற்றும்போது, கேட்க வேண்டாம் என்று கஸ்பர் சொன்னதைக் கௌசி நினைத்தாள். கேட்காமல் விடுவதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம், அதை இன்றைக்கும் செய்தால் நானும் அம்மாவும் ஒன்றுதான் என்றும் நினைத்தாள்.

இராஜேந்திரன் இன்னமும் பின்னறையில்தான் இருந்தார். ஐந்து சேர்ட்டும் மாட்டியாயிற்று. தலையணை உறைக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, சீக்கியரின்ர பேர் என்ன?"

அவர் அயனை நிமிர்த்தி வைத்தார். பெயர் சொல்லவில்லை. "ஆர் சொன்னது? கஸ்பர் அண்ணையோ?"

அந்த வீட்டில் அந்தப் பெயரோடு அண்ணை என்ற சொல் சேர்ந்து வந்தது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது. பிடிபட்டவராகக் கட்டிலின் விளிம்பில் இருந்துவிட்டார்.

பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் ஒரு மனிதர் மகளுக்கு முன்னால் குனிந்துகொண்டு சொன்ன கதையை நான் நீட்டப்போவதில்லை. கிருஷ்ணமூர்த்தி தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த காலம் அது. ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்து முதலில் கேட்டது படிப்பையோ வேலையையோ இல்லை. எங்கே இருக்கிறீர், யாருடைய சமையல் என்றுதான். கஸ்பரின் பெயரைச் சொன்னால் அந்தக் கலியாணம் அந்த நிமிடமே முறிந்துவிடும் என்று இராஜேந்திரனுக்குத் தெரியும். சீக்கியர் ஒருவரின் வீட்டில் அறை, சமையல் நானேதான் என்றார். அடுத்த கிழமை பையைத் தூக்கிக்கொண்டு ஈஸ்ட்ஹாமுக்கு மாறினார்.

"அந்த மனுசனுக்கு நான்தான் பிள்ளை தலைப்பாகை கட்டிவிட்டனான். கட்டினதை அவிழ்க்க ஏலாமல் போச்சு." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சுஜீத்தின்ர கலியாணத்தண்டு என்னைக் காட்டிக் குடுத்திடுவாரோ எண்டு பயந்துகொண்டு நிண்டன். குடுக்கேல்லை. அப்ப எனக்கு வெக்கம் வரேல்லை. அப்பாடா எண்டு இருந்தது. அதை நினைக்கத்தான் இப்ப வெக்கமாய்க் கிடக்கு."

கதவடியில் தவமலர் நின்றாள். கையில் சேலைத் தலைப்பு முறுக்கேறியிருந்தது. எவ்வளவு கேட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. அவளுடைய கலியாணம் எதன்மேல் கட்டப்பட்டது என்று அவளுக்கு முதன்முதலாகத் தெரிந்த நேரம் அது. ஆனாலும் வாயில் வந்தது வேறு.

"ரொறன்ரோவிலை அண்ணைக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

கௌசிதான் கடைசியில் வாய் திறந்தாள். முப்பது பேருக்கு இடமுள்ள மண்டபம் இருந்தது, நான் கண்டும் விட்டுவிட்டேன், அம்மா கேட்டதுக்காக மட்டும் இல்லை, எனக்கும் அது லேசாக இருந்தது என்றாள். தகப்பனைக் கேள்வி கேட்டவளுக்கு அதையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. தாய் அவளைப் பார்த்த பார்வையில் கோபமும் இல்லை, நன்றியும் இல்லை.

கௌசி அங்கேயே நின்றபடி தொலைபேசியில் அந்த மண்டபத்தைத் தேடினாள். அந்தச் சனிக்கிழமை இரவுக்கு அது போய்விட்டிருந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் நாள் மாற்றிப் பார்த்தாள். வேறு மூன்று இடங்களின் பக்கங்களுக்கும் போய்ப் பார்த்தாள். அறுபதாவது பிறந்தநாளுக்கு இருபத்தெட்டுப் பேரை ஒரே மேசையில் இருத்த அந்தப் பெரிய ஊரில் இப்போது இடம் இல்லை.

"அப்ப நாலு பேர் வெளியிலைதான்," என்றார் இராஜேந்திரன். எழும்பித் தொலைபேசியை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

•

நாலரை மணிக்குக் கௌசி குசினி மேசையில் பேச்சுக் கடதாசியை விரித்து, சீக்கியர் வருகிற பந்தியைக் கோடு போட்டு வெட்டினாள். தவமலர் வெங்காயத்தை வெட்டியபடியே விட்டிருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் ஒருவரும் மத்தியானம் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் கௌசிக்கு உறைத்தது. சாப்பிட்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

குடும்பக் குழுவில் அப்பா ஏதோ எழுதுகிறார் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறார் என்று காட்டியது. மறுபடி நின்றது. பாரிஸிலும் ரொறன்ரோவிலும் பிளேஸ்டோவிலும் எத்தனை பேர் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். வாழ்த்தைக்கூட மற்றவர் அனுப்பியதை எடுத்து அனுப்புகிற மனிதர். தானாக ஒரு வசனம் அந்தக் குழுவில் அவர் எழுதியதே இல்லை.

பத்து நிமிடம் கழித்து அது வந்தது.

'கஸ்பர் அண்ணை, 91ஆம் ஆண்டு என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது சீக்கியர் இல்லை. நீங்கள்தான். எட்டு மாதம் அக்காவின்ர கையாலை சாப்பிட்டிட்டுச் சொல்லாமல் போனன். சனிக்கிழமை இரவு உங்கட மேசையிலை எனக்கு ஒரு இடம் தருவீங்களோ. இராசன்.'

கௌசி அதை வாசித்து அம்மாவிடம் நீட்டினாள். தவமலர் கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்து வாசித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். அவளுடைய தொலைபேசி மேசையில் அதிரத் தொடங்கியது. ரொறன்ரோ. கிருஷ்ணமூர்த்தியின் படம், சால்வையோடு. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எடுக்கவில்லை. நிறுத்தவும் இல்லை. அது தானாக ஓய்ந்தது.

இராஜேந்திரன் படியிறங்கி வந்தார். தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். யார் வாசித்தது என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். கௌசி செய்தியை அழுத்திப் பிடித்துக் காட்டினாள். பெயர்கள் வரிசையாக வந்தன. முதலில் மேனுஷா. பிறகு பாரிஸ்காரர் மூன்று பேர். பிறகு சுஜீத். அதற்குக் கீழே கஸ்பர், நாலு நாற்பத்தேழு.

"வாசிச்சிட்டார் அப்பா."

அவர் தலையை ஆட்டினார். மணி ஐந்து பத்து. காலை வணக்கப் பூப்படத்துக்கும் ஒரு நிமிடத்தில் கும்பிட்ட கை போடுகிறவர் கஸ்பர். தன்னை மற்ற ஆக்கள் என்று எழுதிய தாளுக்குக்கூட நல்லது மகள் என்று உடனே எழுதியவர்.

தவமலரின் தொலைபேசி இரண்டாந்தரம் அதிர்ந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

"எழுதுறாரோ?" என்று கேட்டார் இராஜேந்திரன்.

கௌசி திரையைப் பார்த்தாள்.

"இல்லை அப்பா."